புகை இல்லாத சட்டி

பாப்பா, இதை நீயும் உன் அண்ணனும் சேர்ந்து படியுங்கள். நான் எட்டாவது வரைதான் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நீ மாதம் நிறையாமல் பிறந்தாய். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது இரண்டு விஷயம் சொன்னார்கள். குழந்தையின் உடம்புச் சூடு குறையக் கூடாது, புகை படக் கூடாது. தொட்டிலுக்குப் பக்கத்தில் குண்டு பல்பு ஒன்று கட்டினேன். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் புயலில் கரண்ட் போனது. உன் அண்ணன் அப்போது என் அம்மா வீட்டில் இருந்தான். மழையும் ஊதக்காற்றும் ஓயவில்லை. உன்னைத் தொட்டால் ஈரத் துணியைத் தொட்ட மாதிரி இருந்தது.

பிள்ளை பெற்ற அறையில் நெருப்புச் சட்டி வைப்பது நம் பக்கத்தில் வழக்கம். வறட்டி போட்டால் புகையும். நான் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுகிறவன், எந்தக் கட்டை எப்படி எரியும் என்று தெரியும். சவுக்கு வேர்க்கட்டையைப் பின்பக்கக் கொட்டகையில் எரித்து, புகை அடங்கிக் கங்கானதும், சிமெண்டு அள்ளுகிற இரும்புச் சட்டியில் அள்ளி, மேலே சாம்பல் தூவி உள்ளே வைத்தேன். புகையே இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கட்டையெல்லாம் நனைந்து கிடந்தது. பிளந்து, அடுப்போரம் காயவைத்து, ஊதி ஊதி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு சட்டி. இரண்டு நாள் இதே வேலை. மூன்றாம் நாள் காலையில் காற்று மாறி அடித்தது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் பழைய புடவைகளைத் திணித்தேன். ஜன்னலுக்கு உரச்சாக்கு கட்டினேன். கதவையும் சாத்தியாயிற்று.

மத்தியானம் உங்கள் அம்மா தலை வலிக்கிறது என்றாள்.

"பச்ச ஒடம்பு மாப்ள, ஊதக்காத்து தலைக்கு ஏறிக்கிச்சு. இன்னும் ரெண்டு கங்கு போடு" என்றார் அவளுடைய அம்மா. அவருக்கும் குமட்டுகிறதாம், காலையில் சாப்பிட்ட பழைய சோறு என்றார். நானும் நம்பி இன்னொரு சட்டி கொண்டுவந்தேன். எனக்கே நெற்றி விண்விண் என்றது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் உனக்கு எடை பார்க்க நர்சம்மா மழையில் நனைந்துகொண்டு வந்தார். கதவைத் திறந்தவர் உள்ளே வரவில்லை.

"இன்னாபா இது? கொழந்தய வெளிய கொண்டா. மொதல்ல கொழந்த."

"புகை இல்லீங்க. சவுக்குக் கங்கு."

"புகை இருந்தாலாவது இருமுவீங்க, எழுந்து வருவீங்க. கங்குல இருந்து வர்ற விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, வாடையும் இருக்காது. மூடுன ரூம்ல சத்தமில்லாம தூக்கத்துலயே ஆள முடிச்சிடும். எல்லாரும் வெளிய வாங்க."

நீ அழவில்லை. கூடத்துக்குத் தூக்கி வந்தேன். நர்சம்மா உன் உள்ளங்காலைச் சுண்டியும் நீ அழவில்லை. மறுபடி சுண்டினார். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். சட்டியை மழையில் கவிழ்த்தேன். உங்கள் அம்மா தூணைப் பிடித்தபடி வாந்தி எடுத்தாள்.

கதவு, ஜன்னல் எல்லாம் திறந்ததும் ஊதக்காற்று உள்ளே அடித்தது. எனக்கு உன் சூடு மட்டும்தான் கவலை.

"சட்டையக் கழட்டு" என்றார் நர்சம்மா.

"நானா?"

"பின்ன நானா? அம்மாவுக்குத் தல சுத்துது. ஒன் மார்மேல போட்டுப் புடவயால கட்டுறேன், ஒடம்புச் சூடே போதும். கரண்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வச்சிக்கினு இருங்க. தண்ணி வடிஞ்சு பாதை சரியானதும் எல்லாரையும் டாக்டர்கிட்ட காட்டணும்."

"ஆம்பள மார்ல புள்ளயக் கட்டி இப்பத்தான் பாக்குறேன். மாப்ளைக்குத் தாய்ப்பால் ஒண்ணுதான் பாக்கி" என்றார் மாமியார். அந்த நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகு எரிந்தது, கை மரத்தது. மூன்று நாள் விறகு பிளந்ததைவிட இது கஷ்டம். கண் செருகும்போதெல்லாம் பயந்து விழித்து, உன் மூச்சு என் மார்பில் படுகிறதா என்று பார்த்தேன். பட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் நீ உடம்பை முறுக்கி, வாயைத் திறந்து நன்றாகவே அழுதாய். பசி என்றாள் உங்கள் அம்மா. அவளிடம் கொடுக்கும்போது முடிச்சை அவிழ்க்க எனக்கு விரல் மடங்கவில்லை.