வெள்ளையடித்த சுவர் கறுத்த கதை

மீனா, சோமு, கானாடுகாத்தானுக்குப் போய் எடுத்த படங்களை நீங்கள் ரெண்டு பேரும் என் முன்னால் செல்போனில் தள்ளித் தள்ளிக் காட்டினீர்கள். விளக்கு இருக்கும் இடத்திலெல்லாம் அதைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று ஒரு வளையம். கண்வலி வந்தவனுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. என்ன கோளாறு இது என்று கேட்டேன். "கோளாறு இல்லப்பா, அதுதான் அழகே. சினிமா பிலிமை சாதா கேமராவுல போட்டு எடுத்தது" என்றாய் மீனா. உன் தம்பி தலையாட்டினான்.

பிறகு ரெண்டு பேரும் உங்கள் அம்மாவைச் சொல்லிச் சிரித்தீர்கள். தூண் பக்கத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க என்று எவ்வளவோ கெஞ்சியும் வரவில்லையாம், அவ்வளவு வெட்கமாம். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். மீன்காரன் தராசில் கை வைத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேள்வி கேட்கிறவள் அவள். அவளுக்கு வெட்கமா? அது வேறு விஷயம். நேரில் சொன்னால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் ஊருக்குப் போகும்போது அந்தப் பிலிம் டப்பாவை மேஜையில் விட்டுவிட்டுப் போனீர்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். அதே வாசம். புது ரப்பர் செருப்பும் புளித்த ஏதோ ஒன்றும் சேர்ந்த வாசம். எங்கள் காலத்தில் இந்த டப்பா இல்லாத வீடு கிடையாது. குங்குமம், கிராம்பு, ஊசி, சட்டைப் பொத்தான் எல்லாம் இதற்குள்தான். என் அப்பா மூக்குப்பொடி போட்டு வைத்திருந்தார். எத்தனை தடவை கழுவினாலும் பிலிம் வாசம் போகாது. "எனக்குத் தும்மலே கலர்ல வருதுடா" என்பார்.

அப்பா தச்சு வேலை. எனக்கு அது வரவில்லை. என் கையில் உளியைக் கொடுத்தால் மரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செதுக்குவேன், என் விரல் உட்பட. பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. காரைக்குடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கே இருந்த முதலாளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அந்த மனுஷர் வெயிலில் போடுகிற கூலிங் கிளாஸை இருட்டறைக்குள்ளும் கழற்ற மாட்டார்.

அப்போது பெரிய வீடுகளில் வருஷம் பூராவும் சினிமாப் படப்பிடிப்பு நடக்கும். கதை எந்த ஊரில் நடந்தாலும் பண்ணையார் வீடு மட்டும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கும். படம் பிடித்தது போகக் கேமராவில் மிஞ்சுகிற துண்டு பிலிமை அங்கே இருக்கிற உதவியாளர்கள் யாருக்கும் தெரியாமல் விற்பார்கள். முதலாளி வாங்கி வருவார். அதை இருட்டில் வெட்டி, சின்னச் சின்னச் சுருளாகச் சுற்றி, சாதா கேமராவுக்குள் போட்டால் ஆகிற செலவு ரொம்பக் குறைவு. ஆனால் வெளியே அப்படியா சொல்வார்? "நம்ம கடையில சினிமா கலர்" என்று மீசையைத் தடவுவார். சினிமாக்காரர்களுடன் ஒரே இலையில் சாப்பிட்ட மாதிரி பேசுவார். படப்பிடிப்பில் அவரை வாசல்படி தாண்டி உள்ளே விட்டதில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பிலிமில் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் முதுகில் கரி பூசியிருப்பார்கள். வெளிச்சம் பிலிமைத் தாண்டிப் போய் மோதித் திரும்பி வராமல் தடுப்பதற்கு அந்தக் கரி. சினிமா லேபில் முதல் வேலையாக அதைக் கழுவி எடுத்துவிடுவார்கள். மதுரையில் இருந்த கலர் லேப் மிஷினுக்கு அந்த வேலை தெரியாது. கழுவாமல் விட்டால் கரி மருந்தில் கரைந்து, அந்தப் பிலிமும் கெட்டு, அதோடு ஓடுகிற மற்றவர்கள் பிலிமும் கெட்டுப் போகும். அதனால் நாங்கள் வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து, இருட்டிலேயே ஊறப் போட்டு, பஞ்சால் துடைத்துக் காயவைத்து, அதற்கப்புறம்தான் மதுரைக்கு அனுப்புவோம். நாங்கள் என்று சொல்வது சும்மா மரியாதைக்கு. கரி கழுவியது நான் ஒருவன்தான். வீட்டுக்குப் போனால் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருக்கும். கேமரா வேலை என்று சொல்லிக்கொண்டு அடுப்புக் கழுவிவிட்டு வருகிறான் என்று அம்மா சந்தேகப்பட்டாள்.

இப்போது அந்தக் கரியை முன்கூட்டியே எடுத்துவிட்டு விற்கிறார்கள் அல்லவா, அதைத்தான் நீங்கள் அவ்வளவு விலை கொடுத்து வாங்கினீர்கள். தடுக்கக் கரி இல்லை, வெளிச்சம் மோதித் திரும்பி வருகிறது, வளையம் விழுகிறது. அவ்வளவுதான் அந்த அழகு. அந்த வளையத்தோடு ஒரு படத்தைக் கொடுத்திருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் கடையையே பிரித்துப் போட்டிருப்பார்கள். குறையை முதலாளி சினிமா என்று சொல்லி விற்றார். நீங்கள் சினிமா என்று சொல்லி வாங்குகிறீர்கள்.

என் கல்யாணம் நேமத்தான்பட்டியில், உங்கள் அம்மா வீட்டில் நடந்தது. படம் எடுப்பது என் மொய் என்று முதலாளி அறிவித்துவிட்டார். "உனக்கு சினிமா கலர்டா, கதாநாயகன் மாதிரி வருவே" என்றார். நானும் நம்பி மோவாயைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டும்போதுகூட கேமராவைப் பார்த்துக் கட்டியதால் புரோகிதர் என் தலையைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. உங்கள் அம்மா கேமராவை ஒரு தடவைகூடப் பயந்து பார்க்கவில்லை. நேராகப் பார்த்தாள், சிரித்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை முதலாளியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கரி கழுவுகிறவன் மாப்பிள்ளையாக மணையில் உட்கார்ந்திருந்தான்.

கல்யாணப் பிலிமை யாரும் கழுவவில்லை. சோடாவில் கை வைத்தால் முதலாளியின் மோதிரம் மங்கிவிடும் அல்லவா? சாதாப் பிலிம் என்று சொல்லி, வழக்கம்போலப் பொட்டலம் கட்டி, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். லேபில் மிஷின் நின்று போனது. இன்னும் யார் யாருடைய கல்யாணமோ அதோடு சேர்ந்து நாசமானது. போனில் அவர்கள் திட்டியதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆல்பம் ரெடி என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் அம்மா, உங்கள் தாய்மாமன், நான் மூன்று பேரும் போனோம். சிவப்பு வெல்வெட் அட்டை, மேலே தங்க எழுத்தில் ஸ்டூடியோ பெயர். உள்ளே பார்த்தால், மருந்தில் கரைந்த கரி படத் தாளிலும் ஏறி, ஒவ்வொரு படத்திலும் கறுப்புத் திட்டு, கீறல், மழைத்தண்ணீர் ஒழுகிய மாதிரி கோடு. முகம் என்று ஒன்றும் தேறவில்லை. கூடவே இருந்த நெகட்டிவைத் திருப்பிக் கட்டைவிரலால் தேய்த்தேன். விரலில் மை மாதிரி ஒட்டியது.

"கரி கழுவலையே முதலாளி" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உங்கள் மாமாவைப் பார்த்து, கூலிங் கிளாஸைச் சரி செய்துகொண்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "நான் நல்லாத்தான் எடுத்தேன் தம்பி. பொண்ணு நெறம் கொஞ்சம் அப்படி. இது சினிமா பிலிமு, செவத்த மூஞ்சிக்குன்னே செஞ்சது. நான் என்ன பண்ண முடியும்?"

உங்கள் அம்மா ஆல்பத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"என் மூஞ்சி கறுப்புத்தான் அண்ணே. பின்னால நிக்கிறது கல்யாணத்துக்குன்னு வெள்ளையடிச்ச செவுரு. அது யாரைப் பாத்துக் கறுத்துச்சு?"

"ரெண்டு கோட்டு அடிச்சேன்யா" என்றார் உங்கள் மாமா. அவர் கவலை அவருக்கு.

முதலாளி சிரித்தார். "பொண்ணு நல்லாப் பேசுது" என்று சொல்லிவிட்டு டீ வாங்கி வர ஆள் அனுப்பினார். நாங்கள் டீ குடிக்கவில்லை. அதற்கப்புறம் நான் அந்தக் கடைப் படி ஏறவில்லை; படங்களுக்குச் சட்டம் போடுகிற பிரேம் கடை ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பேச்சில் ஜெயித்தது உங்கள் அம்மாதான். ஆனால் ஊரில் நடமாடியது முதலாளி பேச்சு. கெட்டுப்போன மற்றப் படங்களுக்கும் அவர் ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமே, இதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். இளையாத்தங்குடியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். எல்லாரையும் நிறுத்திப் படம் எடுக்கும்போது எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "நீ கொஞ்சம் ஓரமா நில்லுடி, படம் கறுத்துரப் போகுது" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். வேடிக்கை பார்க்க நிறையப் பேர் இருந்தார்கள்.

அதிலிருந்து கேமரா வந்தால் உங்கள் அம்மாவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். உங்கள் காதுகுத்துப் படங்களை எடுத்துப் பாருங்கள், அவள் கை இருக்கும், முந்தானை இருக்கும். முழுசாக அவள் இருப்பது ஆதார் அட்டையில் மட்டும்தான். அதில் எல்லாருமே திருடர்கள் மாதிரி இருப்பதால் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. போன பொங்கலுக்குச் சோமு அவளுக்குத் தெரியாமல் செல்போனில் ஒன்று எடுத்தான். அந்தப் போன் தானாகவே அவளை வெளுத்துக் காட்டியது. வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்று கேட்டுவிட்டு வடையைத் திருப்பப் போய்விட்டாள்.

ஆல்பத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று அவள் உங்களிடம் சொன்னது பொய். பரணில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. நெகட்டிவையாவது கழுவிப் பார்க்கிறேன் என்று ஆரம்பத்தில் நான் கேட்டதுண்டு. "கழுவி வச்சீகன்னா பேசுன வாயும் கழுவுனதா ஆயிருமா? மேல தூக்கிப் போடுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மதுரை லேப் இல்லை, மிஷின் பழைய இரும்புக்குப் போயிருக்கும். பொட்டலம் கொண்டுபோன கண்டக்டர்கள் இல்லை. சட்டைப் பொத்தான் போட்டு வைக்க டப்பா இல்லை. முதலாளியும் போய்விட்டார். கடைத்தெருவில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அவரைச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தார்கள். அட்டக்கரி நிறத்தில் இருந்த மனுஷர். அவர் பேரனே யாரென்று கேட்டிருப்பான். என் பிரேம் கடைக்கு வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்: "கொஞ்சம் வெளுத்துக் குடுங்கண்ணே." இத்தனையும் ஒழிந்து போனது, அந்த ஆள் சொன்ன சொல் மட்டும் ஒழியவில்லை. கானாடுகாத்தானில் தூண் பக்கத்தில் நிற்கச் சொன்னபோது உங்கள் அம்மாவுக்குக் கேட்டது உங்கள் குரல் என்றா நினைக்கிறீர்கள்?

நீங்கள் பஸ் ஏறிய மறுநாள் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பரணில் ஏறி ஆல்பத்தை இறக்கினேன். ஒரு துண்டு நெகட்டிவை எடுத்து, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊறப் போட்டு, பழைய வேட்டித் துணியாலும் கட்டைவிரலாலும் துடைத்தேன். கை மறக்கவில்லை. கரி வழுவழுவென்று வந்தது. ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். நெகட்டிவ் அல்லவா, வெள்ளையடித்த சுவர் கறுப்பாக இருந்தது. அதற்கு முன்னால் உங்கள் அம்மா, கண், மூக்கு, சிரிப்பு, ஒன்றுகூடக் கெடாமல், வெளிச்சமாக இருந்தாள்.

அதைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். முதலாளி சொன்ன கறுப்பு அத்தனையும் என் கட்டைவிரலில் இருந்தது. ஆல்பத்தை மூடி, தங்க எழுத்தில் இருந்த அவர் ஸ்டூடியோ பெயரின் மேல் அந்த விரலை வைத்து, ஓர் எழுத்து பாக்கியில்லாமல் தேய்த்துவிட்டு, கை கழுவப் போனேன்.