மண் பூசிய வீடு

சூரிய மின்சாரத்துக்கான பெட்டியைச் சுவரில் மாட்ட வந்த எலெக்ட்ரீசியன்தான் முதலில் சொன்னார்.

"டீச்சர், மண் வீடுன்னு சொன்னீங்க. இது சீமெந்துக் கல்லுங்க."

அவர் சுவரைத் துளைத்த இடத்துக்குக் கீழே, தரையில் சாம்பல் நிறத் தூள் கொட்டியிருந்தது. சுவரின் மேற்புறத்தில் ஒரு விரல் கனத்துக்கு மட்டும் செம்மண் பூச்சு. இவருக்கு வேலை தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். வேறு மூன்று இடங்களில் துளைக்கச் சொன்னேன். மூன்றிலும் அதே சாம்பல்.

வத்தேகமவுக்கு மேலே இருக்கும் அந்த வீட்டை எனக்குக் கட்டித் தந்தவர் கூடப்பிறந்த அண்ணன். நல்ல பெயர் எடுத்த மேசன். ஊரெல்லாம் சீமெந்து மூட்டைக்கு அலைந்த காலம் அது. நமக்கு அது வேண்டாம், காலுக்குக் கீழே கிடக்கும் மண்ணிலேயே கல் செய்து, காயவைத்துக் கட்டுவோம் என்று பிடிவாதமாக நின்றது நான். அண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. முற்றத்தில் மண்கற்கள் அடுக்கியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பிறகு பயிற்சிக்காகச் சில மாதங்கள் கொழும்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது சுவரெல்லாம் செம்மண் பூசி, வீடு அத்தனை அழகாக இருந்தது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. விஞ்ஞான ஆசிரியை அல்லவா? மாணவர்களைக் கூட்டி வந்து, "கைய வச்சுப் பாருங்க, இந்தச் சுவர் மூச்சு விடுது" என்பேன். எல்லாரும் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். எங்கள் மலையில் எந்தச் சுவர்தான் குளிராது? அது எனக்குத் தோன்றவில்லை.

என்னோடு படிப்பிக்கும், அலவத்துகொட ஊரிலிருந்து வரும் ஆசிரியையும் ஒருநாள் வந்து பார்த்தார். "எனக்கும் இப்பிடி ஒரு ஊடு வேணும் டீச்சர். உங்கட அண்ணனையே கட்டித் தரச் சொல்லுங்களேன்" என்றார். மண்ணில் கட்டினால் நிற்காது என்று அவர் வீட்டில் எல்லோரும் எதிர்த்தார்கள். என் வீட்டைக் காட்டிக் காட்டியே அவர் அதை வென்றார். இப்போது அங்கே அண்ணன் கட்டிக்கொண்டிருந்தார். சுவர் நெஞ்சளவு எழும்பிவிட்டது.

மாலையில் கணவர் வந்து நான்கு துளைகளையும் பார்த்தார். "அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் விளங்கியது, அவருக்கும் தெரியும்.

"சொன்னா நீ மனசொடஞ்சி போயிருவன்னுதான்..." என்று இழுத்தார்.

இத்தனை வருடம் என் மனதை உடையாமல் காப்பாற்றி வைத்திருந்தார்களாம், புண்ணியவான்கள். நான் மாணவர்களுக்கு முன்னால் பேசும்போது இவர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். பெருமைப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். அன்று அவரோடு சாப்பிட உட்காரவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை.

"முத்தத்துல அடுக்கியிருந்த மண் கல்லெல்லாம் எங்க போச்சு?"

"ஒன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குத்தான் போட்டேன்."

ஆக, நான் ஆசைப்பட்ட வீட்டில் கோழிகள் குடியிருந்தன.

"என்கிட்ட முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, அண்ணே."

"சொன்னா கேக்கிற ஆளா நீ?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "தேயிலத் தோட்டத்துல நம்ம அடுப்படி மண் சுவரு மழைக்கு விழுந்தப்ப நீ கைப்புள்ள. ஒன்னயத் தூக்கிக்கிட்டு ஓடினது நான்தான். மறுபடியும் ஒன்னய மண் சுவத்துக்குள்ள வைக்க எனக்கு மனசு வரல. அந்த சீமெந்துக்கு எங்கெல்லாம் அலைஞ்சேன் தெரியுமா?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. அப்போதுதான் அந்த ஆசிரியையின் நினைவு வந்தது.

"அப்ப அலவத்துகொட டீச்சர் வீட்டுக்கும் சீமெந்துக் கல்லுதானா?"

"இல்ல இல்ல, அது அசல் மண்ணு. அவங்க கேட்ட மாதிரியே கட்டுறேன்."

"அது மட்டும் விழாதா?"

அண்ணன் என்னை விளங்காமல் பார்த்தார். "அவங்க என் தங்கச்சி இல்லையே" என்றார்.

முறையாகச் செய்த மண்கல் விழாது என்று எனக்குத் தெரியும். ஆனால் விழும் என்று நம்புகிற ஒருவர்தான் அந்த ஆசிரியையின் பிள்ளைகள் தூங்கப்போகும் சுவரை எழுப்பிக்கொண்டிருந்தார். அவரை அங்கே அனுப்பி வைத்தவள் நான்.