பந்தைத் தொடாதவன்

அமெரிக்கன் ஃபுட்போல் ஆடிச் சம்பளம் வாங்கிய காலத்தில் நான் ஒருநாளும் பந்தோடு ஓடியதில்லை. யாரும் எனக்குப் பந்தை எறிந்ததுமில்லை. என் இடம் முன்வரிசை. பந்தை வைத்திருப்பவன் எனக்குப் பின்னால் நிற்பான். அவனை விழுத்த எதிரணித் தடியன்கள் பாய்ந்து வருவார்கள். அவர்களை மறித்துத் தள்ளுவதுதான் என் வேலை. பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. சனம் கத்தும்போது பெரும்பாலும் நான் புல்லில் முகங்குப்புறக் கிடப்பேன், என் முதுகில் இன்னொருவன் கிடப்பான். எழும்பிச் சனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் நடந்தது நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்வேன்.

இதைப் பாரிசில் எங்கட தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் யாருக்கு விளங்கப்படுத்துவது?

அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். நாங்கள் குடியிருந்தது நகருக்கு வெளியே, பியர்ஃபித்தில். 2009இல் நான் லிசேயில், உயர்பள்ளியில், படித்துக்கொண்டிருந்தபோதே அப்பாவின் சட்டை எனக்குத் தோளோடு நின்றுவிடும். கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டால், "முதலாளி, கதவை மறைச்சு ஒரு ஃபிரிஜ் நிக்குது, தள்ளி வையுங்கோ" என்பார்கள். கூடப் படித்த ஒருவன் அந்த வருடம் என்னைப் பக்கத்து ஊர்க் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். கோச் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "வியாழக்கிழமை வா" என்றார். என் உடம்பைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர். அதனால்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

ஃபுட்போல் என்றதும் வீட்டில் வேறு படம் ஓடத் தொடங்கிவிட்டது.

"எத்தினை கோல் அடிச்சனி?" என்று ஒவ்வொரு ஞாயிறும் அப்பா கேட்பார்.

"நான் கோல் அடிக்கிறேல்லை அப்பா."

"அப்ப கோல் கீப்பரோ?"

"அதுவும் இல்லை. நான் பந்தைத் தொடுறேல்லை."

"பந்தைத் தொடாமல் என்ன விளையாட்டு?"

ஒருநாள் பொறுமையிழந்து, பிரெஞ்சில் என் இடத்துக்கு என்ன பெயரோ அதையே சொன்னேன். அதில் 'லீஞ்' என்ற சொல் வந்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"லீஞ் எண்டால் கோடு. நீ கோட்டிலை நிண்டு மறிக்கிறனி. இது எங்கட கிளித்தட்டெல்லோ! முதலே சொல்லியிருக்கலாமே."

கிளித்தட்டில் கோட்டில் நிற்பவன், குறுக்கே பாய்கிறவனை எட்டித் தொட்டுவிட்டால் அவன் அவுட். கைபடுவதுதான் வெற்றி. என் ஆட்டத்தில் எல்லாம் தலைகீழ். வருகிறவனை நெஞ்சில் தள்ளலாம். தப்பி ஓடுகிறவனின் சட்டையைப் பிடித்து இழுத்தால் அது பிழை, அணி முழுவதும் பின்னால் போகவேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அப்பா, மகன் ஐரோப்பாவில் கிளித்தட்டு ஆடுகிறான் என்று கடையில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார்.

சில வருடங்களில் ஜெர்மனியில் ஒரு கிளப் என்னைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. அப்பாவிடம் சொன்னபோது அவர் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"போறதெண்டால் போ" என்றார்.

அது சம்மதமா, கோபமா என்று ரயிலில் போகும் வழி முழுக்க யோசித்தேன். பிடிபடவில்லை. எனக்கு அவரிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருதரம் வந்து பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு, இவன் செய்வதும் ஒரு வேலைதான் என்று நினைக்கவேண்டும். வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. அத்தனை பெரிய உடம்புக்குள் இவ்வளவு சின்ன ஆசை.

இரண்டாவது சீசனில் அவராகவே வந்தார். சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்தார். செத்தவீட்டுக்குக்கூடக் கடையைப் பூட்டாத மனிதர் அவர். கலியாணங்களுக்குப் போடும் கோட்டு, கையில் அம்மா கட்டிக்கொடுத்த இடியப்பப் பொதி. அந்தக் கோலத்தில் பீர் குடிக்கிற சனத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்தார்.

மைக்கில் ஓயாமல் பெயர்கள் வந்தன. ஓடினவன் பெயர், பிடித்தவன் பெயர், எறிந்தவன் பெயர். முன்வரிசைக்காரன் ஒழுங்காக வேலை செய்தால் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று நான் நன்றாகவே ஆடினேன், ஆகவே என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு ஒருவன் என் தோளுக்குக் கீழால் நழுவிப் போனான். என் கை தானாகவே போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டது. பிழை கண்டால் நடுவர் எறியும் மஞ்சள் துணி வந்து விழுந்தது. நடுவர் மைக்கில், பிழைவிட்டது அறுபத்தெட்டாம் நம்பர் என்று அறிவித்தார். அது என் நம்பர். சனம் "ஊ" என்று கத்தியது. கோச் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

மேலே ஒரு ஆள் மட்டும் எழும்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கலியாணக் கோட்டு.

அப்பா பாரிசுக்கு வருவதற்கு முன் ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் இருந்தவர். அங்கே ஆட்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஜெர்மன் பாஷையில் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த எண்கள்தான். அறுபத்தெட்டு விளங்கியிருக்கிறது. மற்றது விளங்கவில்லை, பாவம், என்று நினைத்தேன். கிளித்தட்டுக் கணக்கில் நான் ஆளைப் பிடித்துவிட்டேன் அல்லவா. இரண்டாம் பாதியிலும் இதே பிழையை விட்டேன். மறுபடியும் எழும்பிக் கைதட்டினார்.

ஆட்டம் முடிந்து இடியப்பத்தைப் பிரித்தபோது, "உன்ர நம்பரைச் சொன்னவங்கள்" என்றார். நான் இன்னொரு இடியப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு லா சப்பலுக்கு வரும்போதெல்லாம் இதே கதை. "மைக்கிலை ரெண்டுதரம் சொன்னவங்களாமே" என்று நகைக்கடைக்காரர் கை கொடுப்பார். கடையில் அப்பா, எழும்பி நின்றது முதல் எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் அத்தனை பேருக்கு முன்னால் ஏமாளியாகிவிடுவார். சொல்லாவிட்டால் என் தொழிலைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் என் பிழையாகவே இருக்கும். பெருமைப்படுகிறாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது, எதற்குப் பெருமைப்படுகிறார் என்று நினைத்தால் அழுகையாகவும் வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்குப் பழக்கமில்லை. சிரித்துச் சமாளித்தேன்.

இன்னும் சில சீசன்கள் ஆடினேன். ஒருநாள் பயிற்சியில் முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. அதோடு சரி. வெறுங்கையோடும் வீங்கின காலோடும் பியர்ஃபித்துக்குத் திரும்பினேன். அப்பா, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடம் லா சப்பலில் தேருக்கு அவரோடு போனேன். தேங்காய் உடைக்கிற இடத்தில் நசுங்குகிற சனம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தள்ளுப்படப் பயந்தார். நான் முன்னால் போய்க் கைகளை அகல விரித்துச் சனத்தை மறித்து அவருக்கு வழி எடுத்தேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அவர் பின்னாலிருந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்பிடிப் பிடிச்சால் அங்கை பிழை, என்ன?" என்றார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். சனம் ஊ எண்டது எனக்குக் கேக்காதோ?"

"பிறகேன் கை தட்டினீங்கள்?"

"மற்றப் பெடியளை எல்லாம் பேர் பேராய்ச் சொல்லிக்கொண்டு இருந்தவங்கள். உன்னை அந்த ரெண்டுதரம்தானே சொன்னவங்கள்."

சட்டையை அவர் விடவில்லை. முன்னால் சனம் நெருக்கியது. எனக்குத் திரும்பிப் பார்க்க இடமிருக்கவில்லை.