கொழும்புக்கு ஆகாய வழி

அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். பெண் கொடுப்பதற்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். இங்கே வடித்த சோறு ஆறுவதற்குள் போய்ச் சேருகிற ஊரில்தான் மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டும். நாங்குநேரியே தூரம் என்பாள். அப்படிப்பட்டவள், என் அக்காவுக்குக் கொழும்பு மாப்பிள்ளை என்றால் சும்மா இருப்பாளா?

மாப்பிள்ளை அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவும் வகுப்பு எடுக்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். பாளையங்கோட்டையில் உபாத்தியாயினிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணப் பேச்சில் பெண் வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும் அல்லவா! தூத்துக்குடிவரை ரயில், அப்புறம் ராத்திரி முழுக்கக் கப்பல் என்று கேட்டதுமே, அம்மா முடியாது என்றுவிட்டாள்.

அப்போதுதான் கோர்ட்டு குமாஸ்தாவான எங்கள் மாமா பத்திரிகையும் பூகோளப் படமுமாக வந்தார். சென்னைப் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஆகாய விமானத்தில் பறந்துவிட்டானாம். மாமா படத்தின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தார். நம் ஊர் மைதானத்தில் ஏறினால் கொழும்புக் கடற்கரையில் இறங்கலாம், காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே, இன்னும் இரண்டொரு வருஷத்தில் எல்லாரும் பறப்பார்கள் என்று அடித்துச் சொன்னார்.

அன்று முழுவதும் நான் பறந்துகொண்டுதான் இருந்தேன். கீழே தாமிரபரணி, பச்சை வயல்கள், பனங்காடு, அப்புறம் நீலமாகக் கடல். கடலுக்கு அந்தப் பக்கம் அக்கா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை கூப்பிட்டும் நான் சாப்பிட வரவில்லை என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

அம்மா லேசில் விடுகிறவளா? "அம்புட்டு நேரம் சோறு ஆறாம இருக்குமாலே?" என்று மாமாவிடம் கேட்டாள். வைக்கோல் சுற்றி வைத்தால் இருக்கும் என்றார் மாமா.

மறுநாள் காலை அம்மா சோறு வடித்து, பானையைப் பனையோலைக் கடகப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் வைக்கோல் திணித்துப் போர்வையால் மூடிவிட்டு, ஒரு துக்கவீட்டுக்குப் போனாள். மத்தியானம் நெருங்கியபோது அக்கா மறுபடி அடுப்பை மூட்டிப் புதிதாகச் சோறு வடித்தாள். பானையில் இருந்தது மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. புதுச்சோறு பானைக்கு வந்தது. வைக்கோல் முன்போலவே ஏறியது. பசிக்கிறதா என்று அவளைக் கேட்டேன். பதிலுக்கு என் வாயில் ஒரு துண்டு கருப்பட்டியைத் திணித்தாள். வாயில் கருப்பட்டி இருக்கும்போது பேச்சு எதற்கு?

அம்மா வந்து பெட்டியைத் திறந்தாள். ஆவி பறந்தது. விரலைச் சுட்டுக்கொண்டு, வெகுநேரம் அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோவிலில் பாதிரியார் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்க ஏற்பாடு செய்யும்படி மாமாவிடம் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து ரயிலடியில் எல்லாரும் அழுதோம். அம்மாவைக் கட்டிக்கொண்டு அக்காவும் அழத்தான் செய்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விமானம் வந்ததும் முதல் ஆளாக ஏறி வந்து அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்தேன்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"ஏட்டி, பைய வா. ஒரு அவசரமும் இல்ல."

அவ்வளவு உயரத்தில் வேகமாக வந்தால் எனக்குத் தலை சுற்றுமே என்று பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாசத்தை எண்ணி எண்ணி வீடு வந்து சேரும்வரை விம்மிக்கொண்டே வந்தேன்.