வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்

பேய்க் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் நடுநிசியில்தான் ஆரம்பிக்கிறார்கள். படித்தால் எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 1957 மே மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு இருபத்தைந்துக்கும் ஒன்று பத்துக்கும் நடுவில் நடந்தது. இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நம்பப் பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் சிவப்பிரகாசம். பாகூரில் ஏரிப் பாய்ச்சலில் நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற குடும்பம். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. வண்டிப் பைத்தியம் மட்டும் முற்றிப் போயிருந்தது. கரிக்கலாம்பாக்கத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த உத்திராபதியும் நானும் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிள் கட்டினோம். பட்டாளத்து எஞ்சின், வேறு எதிலிருந்தோ கழற்றிய சக்கரங்கள், பக்கத்தில் ஆள் உட்கார ஒரு சைடுகார். முதல் நாள் ஓட்டியபோது சைடுகார் தனியாகக் கழன்று கரும்புக் கொல்லைக்குள் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த உத்திராபதி வாயிலிருந்த பீடி அணையாமல் எழுந்து வந்தான். அவனும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் காலத்தில் இருந்தது.

அப்புறம் வந்தது அந்தக் கார்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். கொடி இறங்கிவிட்டது, காகிதத்தில் மட்டும் ஆட்சி முழுசாக மாறவில்லை. கப்பலேறிய துரை ஒருவர் தன் காரை விற்கச் சொல்லி வாட்ச்மேன் கண்ணையனிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். புதுச்சேரியில் அவருடைய பங்களாக் கொட்டகையில் அதை முதன்முதலில் பார்த்தேன். சிவப்பு நிறம். நீண்ட மூக்கு. மேலே மடக்குகிற துணிக் கூரை. இரண்டே இரண்டு பேர்தான் உட்காரலாம். நம் பக்கத்து வண்டிகள் மாதிரி இல்லாமல் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. பிரெஞ்சு வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே வாங்கினேன்.

வலது இருக்கையின் தோல் கிழிந்திருந்தது, அதற்கு மட்டும் புதுத்தோல் போட்டேன். பழுப்பு நிறத் தோல், வெள்ளைத் தையல். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத் துடைப்பேன். என் மனைவி அமுதம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எங்கழுத்துல தாலி கட்னீங்களா, அதுங்கழுத்துலயா?" என்பாள்.

சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

முதல் தொல்லை ஸ்பிரிங்கில் வந்தது. வண்டி வலது பக்கம் சாய்ந்தே நின்றது. நான் உட்கார்ந்து ஓட்டுவது இடது பக்கம். சாய்ந்தால் அந்தப் பக்கம்தானே சாய வேண்டும்? உத்திராபதி படுத்துப் பார்த்துவிட்டு வலது பக்கம் ஒரு பிளேட் கூடுதலாக வைத்துக் கட்டினான். ஒரே வாரம். மறுபடியும் சாய்ந்தது. இன்னொரு பிளேட் வைத்தான். அதுவும் அமுங்கிவிட்டது.

"ஆளு குந்திகினு இருக்கறாப்புல இருக்குதுய்யா" என்றான். சொல்லிவிட்டு அவனே பேச்சை மாற்றினான்.

அடுத்தது, வழியில் பார்க்கிறவர்கள். கரிக்கலாம்பாக்கத்தில் டீக்கடை வைத்திருந்த செல்லப்பன் ஒருநாள் இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்து நீட்டினான். நான் ஒற்றை ஆள்.

"யாருக்குடா இன்னொண்ணு?"

"உங்க டிரைவருக்குதான்" என்றவன் வலது இருக்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "எறங்கிப் பூட்டாரா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் ஜனங்களுக்கு வலது பக்கம் டிரைவர் இருந்து பார்த்தே பழக்கம். கண் பழக்கத்தில் அங்கே ஓர் ஆளைத் தானாகவே உட்கார வைத்துக்கொள்கிறார்கள் என்று எண்ணினேன். ஏரிக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் வலது பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அதற்கும் இதே சமாதானம். நாலைந்து பேர் கேட்டார்கள், "டிரைவர் வெச்சிட்டீங்களாமே?" என்று. எல்லோருக்கும் ஸ்டீயரிங் பாடம் நடத்தினேன். என் அறிவை நினைத்தால் இப்போது செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த மே ஒன்பதாம் தேதிக்கு முன்னால் அமுதம் ஒரே ஒரு தடவைதான் அதில் ஏறினாள். வில்லியனூர் கோயிலுக்குப் போய் வந்தோம். இறங்கியதும் சொன்னாள்.

"ஏறும்போதே சீட்டு சூடா இருந்துச்சிங்க. யாரோ குந்தி எழுந்த சூடு."

"வெயில்."

"நெழல்லதானே நிறுத்தி வெச்சிருந்தீங்க?"

அவள் அப்போது ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. மூன்றாவதாவது தங்க வேண்டும் என்று அவள் ஏறாத கோயில் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வலி கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே புதுச்சேரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், தாமதித்தால் பிள்ளை தங்காது.

மே ஒன்பதாம் தேதி பகல் பதினொன்றரைக்கு வலி கண்டது.

"வாடகைக் கார் சொல்லிவுடுங்க மாப்பிள்ள. பின்னால படுக்க வெச்சி, நானும் கூட வரன்" என்றாள் மாமியார். நியாயமான பேச்சு. என் வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஆனால் வாசலில் சொந்தக் கார் நிற்கும்போது வாடகைக் காரா? எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அமுதத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வலது இருக்கையில் உட்கார வைத்தேன்.

அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சி உக்காரு."

"எடம் இல்லீங்க" என்றாள்.

வலியில் ஏதோ சொல்கிறாள் என்று வண்டியை எடுத்தேன். அப்போது மணி பதினொன்று ஐம்பது.

கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒரு மைல் போனதும் எஞ்சின் இருமியது. நின்றுவிட்டது. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நன்றாக நினைவிருக்கிறது.

பானட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் என்று ஒன்று சுழலும். கட்டைவிரல் அளவுதான். அது இல்லாவிட்டால் எந்தப் பெட்ரோல் எஞ்சினும் பற்றாது. அது விரிசல் விட்டிருந்தது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உத்திராபதியிடம் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. ஓடிப்போய் வாங்கிவந்தால் அரை மணி.

சாலையில் ஈ காக்கை இல்லை. அமுதம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வுட்டுட்டுப் போவாதீங்க."

"பத்து நிமிஷம்."

"தனியா இல்லீங்க நானு..." என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் ஒரு வலி வந்து பேச்சை அடைத்துவிட்டது.

நான் வந்த வழியே திரும்பி ஓடினேன்.

உத்திராபதி அந்த சைடுகார் மோட்டார் சைக்கிளை எடுத்தான். மாற்று ரோட்டரை நான் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். திரும்பி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

கார் இல்லை.

இடம் தப்பவில்லை. எஞ்சினிலிருந்து சொட்டிய எண்ணெய் மண்ணில் ஈரமாக இருந்தது. நான் கழற்றி வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகூட அங்கேயே கிடந்தது. அதை மாட்ட மறந்து ஓடியிருந்தேன்.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த கலியம்மாள் என்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"இங்க நின்ன வண்டி எங்க?"

"இப்பதானே போச்சி. நீங்க ஓட்டிகினு போறீங்கன்னு இல்ல நெனச்சன்."

"நானா?"

"மொகத்த பாக்கல. ஆம்பள. அம்மாவ அந்தாண்ட நவுத்திட்டு இந்தாண்ட குந்திகினாரு."

"எந்தப் பக்கம்?"

அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "சோறு திங்கற கைப்பக்கம்."

"சத்தம்? எஞ்சின் சத்தம் கேட்டுச்சா?"

அவள் யோசித்தாள்.

"இல்லீங்க... சத்தமே இல்ல."

உத்திராபதி என் முகத்தைப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான்.

நாலு மைல். எதிரில் ஒரு வண்டி வரவில்லை. ஒரு ஆள் வரவில்லை. காற்றுகூட இல்லை. அமுதம், அமுதம் என்று நான் கத்திக்கொண்டே போனதாக உத்திராபதி பிறகு சொன்னான். எனக்கு நினைவில்லை.

வில்லியனூர் வருவதற்கு முன்னால்... சாலையின் நட்டநடுவில்... சிவப்பாகத் தெரிந்தது.

மணி ஒன்று பத்து.

அமுதம் இடது பக்கம் இருந்தாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால்.

அந்த இடத்தில் நான் உட்கார்ந்தாலே வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நிறைமாத வயிறு அங்கே நுழையவே நுழையாது.

நுழைத்திருந்தது.

வளையம் அவள் வயிற்றில் பதிந்து கிடந்தது. வெளியே எடுக்க இரண்டு பேரும் மல்லாடினோம். கண் திறந்தே இருந்தது. மூச்சு இருந்தது.

பக்கத்து இருக்கை... வலது இருக்கை... அமுங்கியிருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக மேலே எழும்பியது.

வண்டியும் நிமிர்ந்தது.

உத்திராபதி பானட்டைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். சுட்டது என்று நினைத்தேன். இல்லை. முக்கால் மணிக்கு முன்னால் ஓடிய எஞ்சின், அந்த வெயிலில், பானைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்தது.

அமுதத்தை சைடுகாரில் படுக்க வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். இங்கே வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் வயிற்றிலேயே நசுங்கியிருக்கிறது, இல்லையென்றால் காப்பாற்றியிருப்போம் என்றார் டாக்டரம்மா. அந்தக் கணக்கை நான் எத்தனை வருஷம் போட்டுப் பார்த்திருப்பேன்...

மூன்றாம் நாள் அமுதம் பேசினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஏன் என்ன அந்தப் பக்கம் நவுத்துனீங்க?"

நான் நகர்த்தவில்லை, நான் அங்கே இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். அன்றைக்குக் கழற்றிப் பையில் போட்ட ரோட்டரைக் காட்டினேன். உத்திராபதியைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. ஆறு மாதம் ஒரே கூரைக்குக் கீழே அப்படிக் கிடந்தோம். பிள்ளை போனதைவிட அது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

தாங்க முடியாமல் புதுச்சேரிக்குப் போய்க் கண்ணையனைப் பிடித்து உலுக்கினேன். முதலில் மழுப்பினான். நான் விடவில்லை. கடைசியில் சொன்னான்.

"அது தொரைக்கு ரெண்டாங்கை வண்டிங்க. மொதல்ல ஒரு கப்பல் கம்பெனிக்காரரு வெச்சிருந்தாரு. அப்ப ஸ்டீயரிங் வலது பக்கந்தான் இருந்துச்சி. ஒருநாள் வில்லியனூர் ரோட்டுல, நல்ல உச்சி வேளையில, மரத்துல வுட்டுட்டாரு. ஸ்டீயரிங்கு நெஞ்சுல ஏறிப் பூடுச்சி. ஆளோட சேத்துதான் அறுத்து எடுத்தாங்க. அப்பால நம்ம தொரை அத்த வாங்கி, இடது பக்கம் மாத்திக்கினாரு."

உத்திராபதி தன் ஷெட்டில் சும்மா கிடந்த காரின் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தான். வலது பக்கம் அடியில், ஸ்டீயரிங் தண்டு நுழைகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. மேலே தகடு வைத்துப் பற்ற வைத்து, பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இப்போது அமுதத்திடம் காட்ட ஒரு காரணம் இருக்கிறது. அன்று மாலை வெளிச்சம் மங்குவதற்குள் வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். செத்தவர், ஸ்டீயரிங், ஓட்டை, தகடு... ஒன்றுவிடாமல் சொன்னேன். "பாத்தியா? நான் இல்ல. அந்த ஆளு" என்றேன்.

அமுதம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த ஆளு கதவத் தொறந்து எங்கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமா?"

"இன்னா?"

"'அந்தப் பக்கம் போ அமுதம், புதுத்தோலு, ரத்தம் பட்டா கறை போவாது'ன்னாரு."

நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவளை விட்டுவிட்டு ஓடினேன் இல்லையா... அந்த ஓட்டத்தில், எனக்குள் ஒரே ஒரு தடவை அந்த நினைப்பு வந்தது. அதே வார்த்தைகள். வந்ததும் வெட்கப்பட்டுத் தலையை உதறிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன். அதை நான் உத்திராபதியிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.