நான் அனுமதித்த படம்

போன வசந்தத்தில் எங்கள் வாசல் மணிக்கு மேலே ஒரு சின்னக் கமரா பூட்டினேன். மூன்றாம் நாளே எதிர்வீட்டு ஜெர்மன் அம்மா வந்து நின்றார். அதில் தன்னுடைய வாசற்படியும் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் வெளியூர் போனாலும் பயப்பட வேண்டாம், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நான் பார்த்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் விளக்கினேன். அயலுக்குச் செய்கிற உதவி என்பது என் நினைப்பு. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்களிடம் யார் கேட்டது?” என்றார். அடுத்த வாரம் வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. டாட்டன்ஷுட்ஸ் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஒருவருடைய முகமும் விபரமும் அவருக்கே சொந்தம், கேட்காமல் யாரும் எடுக்கக்கூடாது என்கிற சட்டம். வாயில் வந்ததையெல்லாம் தமிழில் திட்டிக்கொண்டு கமராவைக் கழற்றினேன். இந்த நாட்டில் குப்பையைப் பிழையான வாளியில் போட்டாலும் கடிதம், ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தாலும் கடிதம்.

இப்படி எரிச்சல் வரும்போதெல்லாம் கைப்பேசியைத் திறந்து ஊருக்குப் போய்விடுவேன். ஊர் என்றால் முகநூலில் இருக்கிற எங்கள் ஊர்க் குழு. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைச் சனம் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சிதறிய பிறகு தொடங்கிய குழு அது. கோயில் தேர், மரண அறிவித்தல், பெண் பிள்ளைகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படம் எல்லாம் அதில்தான் வரும். யார் எதைப் போட்டாலும், பொறுப்பாளர் மூன்று பேரில் ஒருவர் ‘அனுமதி’ என்பதை அழுத்தினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். மூவரில் நானும் ஒருவன். எட்டு வருடமாக ஊரை மிதிக்காத எனக்கு அது ஒரு பதவி. அந்தப் பதவியை நான் நன்றாக அனுபவித்தேன் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆவணியில் ஒரு காலை, வேலைக்குப் போகிற ட்ராமில் நின்றபடி பார்த்தேன். புதிதாக ஒரு படம் வந்திருந்தது. தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும் சீமெந்துக் கட்டின்மேல் இருந்து சோடா குடிக்கிறார்கள். பெண் சிரிக்கிறாள், முகம் முழுக்கத் தெரிகிறது. ‘சந்நிதி கோயிலுக்கு எண்டு சொல்லிப்போட்டு எங்கடை ஊர்ப் பிள்ளையள் செய்யிற வேலை’ என்று மேலே எழுதியிருந்தது. எழுதியவருக்குச் சொந்தப் பெயர் இல்லை. நான் இறங்க வேண்டிய தரிப்பு வந்துவிட்டது. அனுமதியை அழுத்திவிட்டு இறங்கினேன்.

பின்னேரம் ஊரிலிருந்து தங்கை தொலைபேசி எடுத்து அழுதாள். படத்தில் இருந்தது அவளுடைய மகள் சிந்து. நான் கடைசியாகப் பார்த்தபோது சிந்துவுக்குப் பதினைந்து வயது, வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலும். இப்போது இருபத்து மூன்று, தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். என் கூடப்பிறந்தவளின் பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவளை ஊருக்குக் காட்டலாமா என்று தீர்மானிக்கிற அதிகாரம் மட்டும் என் விரலில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். சிந்து ஆறு மாதமாக ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கிணறு கிணறாகவும் கடனீரேரிக் கரையாகவும் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுத்து வருவதுதான் வேலை. அந்தப் பெடியன் கூட வேலை செய்கிறவன். வேலை முடிந்து, வெயிலுக்கு இரண்டு சோடா. படத்துக்குக் கீழே எங்கள் ஆட்கள் எழுதியதை ஒவ்வொன்றாக வாசித்தேன். கலாசாரம் அழிகிறதாம், பெற்றோர் வளர்த்த விதம் சரியில்லையாம். பாரிஸிலிருந்து நீளமாகப் புத்தி சொன்னவரின் மகள் ஒரு பிரெஞ்சுக்காரனோடு குடியிருக்கிறாள். அந்த வீட்டு விருந்தில் நானும் இருந்து சாப்பிட்டவன். தன் மகளுக்குக் கிடைத்த காற்று கொக்குவில் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடாது என்று எழுத இவருக்கு எப்படி மனம் வந்தது?

முந்தியும் ஊரில் கோள் சொல்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் சொல்ல வருகிறவர் எங்கள் படலை வரை நடந்து வர வேண்டும். அம்மா தேத்தண்ணி கொடுத்து இருத்தி, எல்லாம் கேட்டுவிட்டு, உங்கடை மகன் இப்ப என்ன செய்யிறான் என்று விசாரிப்பா. வந்தவர் பாதித் தேத்தண்ணியோடு எழும்பிவிடுவார். இப்போது யாருடைய படலையும் யாரும் திறக்க வேண்டியதில்லை.

தங்கையின் கணவர், என் மச்சான், சிந்துவின் ஸ்கூட்டியைப் பூட்டித் திறப்பை வாங்கி வைத்துவிட்டார். திங்கட்கிழமை வெளிவேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று அவள் வேலையிடத்தில் சொல்லிவிட்டார்கள். தங்கை என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“அண்ணை, போட்டவனை விடுங்கோ. உள்ளுக்கு விட்டது ஆரெண்டு பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள்தானே அதிலை பெரியாள்.”

பார்க்கிறேன் என்றேன். கோழை. படத்தை அழித்தேன், அதற்குள் அது ஊரில் எல்லாக் கைப்பேசிக்கும் போய்விட்டது. பிறகு குழுவில் பொரிந்து தள்ளினேன். அது என் மருமகள், வேலைக்குப் போன பிள்ளை, உங்களுக்கு வெட்கமில்லையா என்று எழுதினேன். ஊரிலிருந்து ஒருவர் இரண்டே வரியில் பதில் போட்டார்.

“போன மாசம் ரியூசன் ரீச்சரின்ரை படத்தையும் நீங்கள்தானே விட்டனீங்கள் அண்ணை. அப்ப எங்கை போனது இந்தக் கோவம்?”

உண்மை. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்து நான் சிரித்ததும் நினைவு வந்தது. அந்த ரீச்சர் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று நான் கேட்கவே இல்லை. என்மேல் எனக்கு வந்த அருவருப்பை எழுதிக் காட்ட முடியாது.

தங்கைக்கு எடுத்து, விட்டது நான்தான் என்று சொன்னேன். அவள் உடனே தொலைபேசியை வைத்துவிட்டாள். மச்சானுக்கு எடுத்து, தண்டனை எனக்குத் தரவேண்டியது, பிள்ளையை வேலைக்கு விடுங்கள் என்று கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை சிந்துவே எடுத்தாள். முகம் பார்த்துக் கதைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், குரல் போதும் என்றாள்.

“மாமா, படத்திலை இருக்கிறது ஆரெண்டு நினைச்சு விட்டனீங்கள்?”

“ஆரோ ஒரு பிள்ளை எண்டு நினைச்சன்.”



“ஆரோ ஒரு பிள்ளையெண்டால் விடலாம் என்ன?”

கோபமாகக்கூட அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். மச்சான் மோட்டார் சைக்கிளில் பின்னாலே போய்க் காவல் இருந்தாராம், இப்போதும் இருக்கிறாராம். அவளோடு போன பெடியனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் பொறுப்பை விட்டேன், ஆனால் குழுவை விட்டுப் போகவில்லை. போனால் எனக்கு ஊர் என்று பார்க்க வேறொன்றும் இல்லை.

நேற்று யாரோ பாலத்தடியைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அழகான காட்சி என்று நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். கரை ஓரத்தில், கொதிக்கிற வெயிலில், தலையில் ஹெல்மெட்டோடு, அதன் கறுப்புக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஒரு பெண் கையில் போத்தலோடு தண்ணீருக்குக் குனிந்து நிற்கிறாள். முகம் துளிகூடத் தெரியவில்லை. இந்த முறை எனக்கு அவளை உடனே தெரிந்தது.