அலாரம் கூப்பிடாத சாயங்காலம்

அவளுக்கு அலாரம் என்று பெயர் வைத்தது நோயாளிகள்தான். தொற்று பரவிய அந்த வருஷம், காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் நேரத்துக்கு டாண் என்று அவளுடைய போன் வரும். அதற்கு முன்னால் பியூட்டி பார்லரில் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள். பார்லரை மூடிவிட்டார்கள். வீட்டில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் எங்களோடு வந்து சேர்ந்தாள்.

நாங்கள் என்றால் ஆறு தன்னார்வலர்கள். என் ஜெராக்ஸ் கடைதான் ஆபீஸ். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷின்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்போம். ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் வீட்டிலேயே படுத்திருந்தவர்களைக் கூப்பிட்டு, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் சுகாதார நிலையத்து நர்ஸக்காவுக்குச் சொல்ல வேண்டும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் நாற்பது வீட்டு இருமலைக் காதில் வாங்குவது லேசுப்பட்ட காரியமும் இல்லை.

அதனால் ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் கட்டாய லீவு என்று நான் சட்டம் போட்டேன். அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். லீவு நாளில் தலைகாட்டியவர்களை, "சுவர் இருந்தாத்தான் சித்திரம், வீட்டுக்குப் போங்க" என்று விரட்டினேன். அலாரத்திடம் மட்டும் என் சட்டம் செல்லுபடியாகவில்லை.

"என் சுவரு கெட்டியாத்தான் இருக்கு அண்ணே. நீங்க உங்க சித்திரத்தைப் பாருங்க."

"நாளைக்கு நீ வரக் கூடாது, சொல்லிட்டேன்."

"வந்தா என்ன பண்ணுவீங்க? என்னை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளூர நிம்மதி. அவள் லீவு எடுத்தால் அவளுடைய நாற்பது வீட்டையும் மற்றவர்கள் தலையில் கட்ட வேண்டும், அவர்களுடைய முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். அது போதாதென்று, யாராவது சோர்ந்தால் "அலாரத்தைப் பாருங்க, ஒரு நாளாவது அலுத்துக்கறாளா?" என்று அவளையே உதாரணம் காட்டினேன். லீவு எடு என்று சொன்னவனும் நான்தான், எடுக்காதவளுக்குக் கைதட்டியவனும் நான்தான். வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஏழு வாரம் இப்படியே ஓடியது. அவள் குரல் கம்மிப்போனது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. வெந்நீர் குடி என்றேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவள் பட்டியலில் ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். அடுத்த தெருவில் மனைவியோடு இருந்தார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே எப்போதும் தொண்ணூற்றாறு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அலாரம் கடைக்கு வந்து உட்காராமல் நின்றாள். நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"திங்கக்கிழமை சாயங்காலம் தொண்ணூத்தாறுன்னு எழுதியிருக்கு பாருங்க. நான் கூப்பிடவே இல்லண்ணே."

"என்ன சொல்றே?"

"முப்பத்தொம்பது வீடு முடிச்சுட்டேன். அதுக்கப்புறம் வாயைத் திறக்க முடியல. தினமும் அதானே சொல்றாருன்னு நானே எழுதிட்டு மேஜையில தலையை வெச்சுட்டேன்."

"முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கூப்பிட்டிருப்பேனே!"

"நான் அலுத்துக்கவே மாட்டேன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி வெச்சிருக்கீங்க. நான் போய் எப்படிண்ணே முடியலன்னு சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே பயம் வந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு எங்கள் போனை ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். இத்தோடு விட்டுவிடு, யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னேன்.

"நான் அந்தம்மாகிட்ட சொல்லணும்," என்றாள்.

"சொன்னா போனவரு எழுந்து வந்துடுவாரா?"

அவள் நோட்டை மூடி எடுத்துக்கொண்டாள். அப்படிக் கேட்ட வாயில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல இன்றைக்கும் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவள் அந்த வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொன்னேன். அவள் என்ன உளறிவைப்பாளோ என்று பார்க்கத்தான் போனேன். குறுகலான மாடிப்படி, மேலே ஒரே அறை. டிரைவரின் செருப்பு இன்னும் கதவோரம் கிடந்தது. மனைவி கதவைத் திறந்து, எங்களைப் படியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீதான் அலாரமா? குரலைக் கேட்டுப் பெரிய பொம்பளைன்னு நெனச்சோம்."

அலாரம் ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, திங்கக்கிழமை சாயங்காலம் நான் உங்களைக் கூப்பிடல. கூப்பிட்ட மாதிரி எழுதிட்டேன். கூப்பிட்டிருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். என் தப்புதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு விழும், சாபம் விழும் என்று காத்திருந்தேன். அந்த அம்மா கதவோரம் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"கூப்பிட்டிருந்தாலும் தொண்ணூத்தாறுன்னுதான் சொல்லியிருப்பாரு," என்றார்.

"புரியலம்மா."

"சனிக்கிழமையே தொண்ணூத்தொண்ணுக்கு எறங்கிடுச்சு. உன்கிட்ட மட்டும் மாத்திச் சொன்னாரு. ஏங்க இப்படின்னு கேட்டேன். 'அந்தப் பொண்ணு குரலே செத்துப்போய் கெடக்கு, பாவம். நான் வேற எதுக்கு அதைப் பயமுறுத்தணும், ரெண்டு நாள்ல சரியாயிடும்'னாரு. நான் போனைப் பிடுங்கிச் சொல்லியிருக்கணும். சொல்லல. பாவி நான்."

அலாரம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை ஆறு மணி ஆச்சு, ஏழாச்சு, போன் வரல. எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. அவருக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? 'அப்பாடா, இன்னைக்காவது அந்தப் பொண்ணு படுத்துத் தூங்குது'ன்னாரு. டீ கேட்டு வாங்கிக் குடிச்சாரு."

அலாரம் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த மனிதர் அவள் குரலைக் கவனித்திருக்கிறார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் கவனிக்கவில்லை. இல்லை, கவனித்தேன். எனக்கு வேலை ஆக வேண்டியிருந்தது.

மறுநாள் அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவளுடைய நாற்பது வீட்டையும் நானே எடுத்துக்கொண்டேன். முதல் வீடு, தனியாக இருந்த ஒரு தையல்காரர்.

"அலாரம் எங்கே?" என்றார்.

"லீவு. பத்து நாளைக்கு வராது."

"நல்லது, நல்லது. தூங்கட்டும்."

"மீட்டர் என்ன காட்டுது?"

"தொண்ணூத்தாறு," என்றார் சட்டென்று.

எழுதப்போன பேனாவை நிறுத்தினேன். "இப்பப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் மீட்டரைத் தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நீண்ட இருமல்.

"தொண்ணூத்திரண்டு."

நான் நர்ஸக்காவின் நம்பரைத் தேட ஆரம்பித்தேன். தையல்காரர் இன்னும் போனை வைக்கவில்லை.

"தம்பி, அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றார்.